பாலத்தின் உயரம் நாலு அறுபது

லாரி ஓட்டுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. இடித்த பிறகு இறங்கிப் பார்க்கிறவன் ஒருத்தன். இறங்கிப் பார்த்த பிறகு போகிறவன் இன்னொருத்தன். முப்பத்தெட்டு வயது வரைக்கும் முதல் ரகமாக இருந்து, ஒரே நாளில் இரண்டாம் ரகமாக மாறினவர் டேப்பு.

பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்சில் இருக்கிறது. அதைப் போலீஸ்காரர் மட்டும்தான் படிப்பார். மற்ற எல்லாருக்கும் அவர் டேப்பு. இடுப்பில் எட்டு மீட்டர் அளவு டேப்பும், வண்டியில் மூன்றரை மீட்டர் மூங்கில் கழியும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கழியில் கைப்பிடிக்கு ஒன்று என்று சிவப்பு, வெள்ளை வளையம் போட்டிருப்பார். ஏன் மூன்றரை மீட்டர் என்று கேட்டால், "அதுக்கு மேல இருந்தா வண்டிக்குள்ள படுக்காதுப்பா" என்பார். இந்தக் கழியின் நீளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வம்பு அதிலிருந்துதான் வருகிறது.

அவர் மாறின கதை சின்னது. ஒருநாள் இரும்பு பீரோக்கள் ஏற்றிக்கொண்டு தனக்குப் புதிதான ஒரு பாதையில் போகவேண்டியிருந்தது. நடுவில் ஒரு பாலம். உயரம் என்ன என்று புக்கிங் ஆபீஸ் குமாஸ்தாவைக் கேட்டார். அந்த ஆள் நாற்காலியை விட்டு எழாமல் போனைத் தட்டி, "நாலு முப்பது, தாராளமா போகும்" என்றான். தாராளமாகத்தான் போனது, பாதி வரைக்கும். அதன்பின் பிரளயம் வந்த மாதிரி ஒரு சத்தம். மேல் வரிசை பீரோ எட்டும் மூக்கு நசுங்கி நின்றன. முன்னாலும் போக முடியாமல், பின்னாலும் வர முடியாமல், ஊரே ஹாரன் அடிக்க, டேப்பு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கல்யாணப் பெண் மாதிரி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் குமாஸ்தா பார்த்த பக்கத்தைப் போனில் மகளிடம் காட்டினார். அவள் கண்ணாடிக் கடையில் கண் சோதித்து நம்பர் எழுதித் தருகிறவள்.

"எவன்டி இதை எழுதினது?"

"இது இணையக் கலைக்களஞ்சியம்ப்பா. யார் வேணும்னாலும் எழுதலாம்."

"யார் வேணும்னாலும்னா? ஒரு ஆபீஸர், கீபீஸர்..."

"யாரும் இல்லை. யார் வேணும்னாலும்தான். நீங்ககூட எழுதலாம்."

டேப்பு அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். எழுத்து வேலை என்றாலே அவருக்கு டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதுதான். 'நீங்ககூட' என்ற அந்த ஒரு சொல் காதுக்குள் வண்டு மாதிரி சுற்றியது. முதலில் கோபம் வந்தது: கண்டவனும் எழுதுகிறதை நம்பி எட்டு பீரோவைக் காவு கொடுத்தோமே! அப்புறம் வேறு ஒன்று வந்தது. கண்டவனும் எழுதலாம் என்றால், கண்ணால் கண்டவனும் எழுதலாமே!

மறுவாரம் டேப்பு வாங்கினார். கழி வெட்டினார். போகிற வழியில் வருகிற பாலமெல்லாம் அளந்தார். மகள் ஒரு கணக்கைத் திறந்து கொடுத்தாள், பெயர் 'டேப்பு' என்றே. போனைப் பார்த்துப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று தெரிந்ததும் மனிதரைப் பிடிக்க முடியவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனிடம், "நாலு மீட்டர் பன்னெண்டு, கமா, மழை பெய்ஞ்சா தண்ணி நிக்கும், முற்றுப்புள்ளி" என்று கத்துவார். பக்கத்திலிருப்பவன் டீ கிளாசோடு தள்ளி உட்காருவான்.

அப்போதுதான் ஆந்தை வந்தது.

ஆந்தை என்பது அந்தக் களஞ்சியத்தில் இன்னொரு ஆளின் புனைபெயர். ஆணா, பெண்ணா, கிழமா, குமரா, ஒன்றும் தெரியாது. டேப்பு எழுதி முடித்து டீ ஆறுவதற்குள் ஆந்தை வந்து அழித்துவிட்டு, பணிவாக ஒரு வரி எழுதி வைக்கும்: 'ஐயா, சான்று தருக.'

"என்ன சான்று? நான் அளந்தேன்!"

'சொந்த அளவீடு சான்றாகாது. அச்சில் வந்த நம்பகமான மூலம் தேவை.'

"பத்திரிகைக்காரன் கண்ணு கண்ணு, என் கண்ணு புண்ணா?" என்று டேப்பு போனிடம் கேட்டார். போன் அதையும் அப்படியே எழுதி அனுப்பிவிட்டது. ஆந்தை, 'தங்கள் கண்ணுக்குக் குறையில்லை. எனக்குத் தங்களைத் தெரியாது, அவ்வளவே' என்று பதில் போட்டது.

அதைப் படித்தபோது மகள் சிரித்த சிரிப்பில் அவருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஏனென்றால் அதில் நியாயம் இருந்தது. பீரோ நசுங்கினதும் ஒரு தெரியாத ஆளை நம்பித்தானே?

நாற்பத்தொரு பாலம் எழுதினார். ஆந்தை முப்பதை அழித்தது. மிச்சத்தில் மகுடம் மொட்டைப் பாலம். துறைமுகத்துக்குப் போகும் ரோட்டின் மேலே ரயில் ஓடும் பாலம் அது. உயரப் பலகையை எந்தக் காலத்திலோ ஒரு லாரி இடித்துத் தள்ளிவிட்டது, மறுபடி யாரும் மாட்டவில்லை, அதனால் மொட்டை. டேப்பு அதற்கு 'நாலு மீட்டர் அறுபது' என்று எழுதினார். ஆந்தை எங்கே பறந்துகொண்டிருந்ததோ, அதை அழிக்கவில்லை. எட்டு மாதம் கழித்து, தாழ்ந்த பாலங்களைப் பற்றி ஒரு நாளிதழில் அரைப்பக்கக் கட்டுரை வந்தது. அதில் கொட்டை எழுத்தில், 'உயரம் 4.60'. ஒரு வாரத்தில் களஞ்சியத்தில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அடிக்குறிப்பு முளைத்தது: சான்று, நாளிதழ்க் கட்டுரை. போட்டது ஆந்தை.

டேப்பு அந்தக் கட்டுரையை வெட்டி, லாரியில் தன் தலைக்கு மேலே பசை போட்டு ஒட்டினார். ஏறுகிறவனெல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

"இதுல உங்க பேர் எங்க இருக்கு?" என்பாள் மனைவி.

"பேரு எதுக்குடி? நம்பர் இருக்குல்ல."

அந்த வீட்டில் அவரை மதிக்காத ஒரே ஆள் மச்சினன், மனைவியின் தம்பி. நீள ட்ரெய்லர் ஓட்டுகிறவன். பெரிய பெரிய சாமான்களை ஊர்விட்டு ஊர் கொண்டுபோய் இறக்குவதில் கெட்டிக்காரன். கெட்டிக்காரன் என்று அவனுக்கும் தெரியும், அதுதான் கஷ்டம். "மாமா, வேலை வெட்டி இல்லாதவன் எழுதுறதை வேலை வெட்டி இல்லாதவன் படிக்கிறான்" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே சொல்வான். "நீ இடிச்சிட்டு வந்து என்கிட்ட அழுவடா, மாப்ளே" என்பார் டேப்பு. ஒருவருக்கொருவர் இப்படிப் பேசிக்கொள்ளாத நாள் இருந்தால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் காய்ச்சல் என்று அர்த்தம்.

ஆறு வருஷம் ஓடியது. ஒரு காலையில் மச்சினன் போன் செய்தான். குரலில் வழக்கமில்லாத குழைவு.

"மாமா, படகு ஒண்ணு ஏத்தியிருக்கேன். புதுப் படகு. மீன்காரம்மா ஒருத்தங்களோடது. பதினாறு வருஷமா கூடை தூக்கிச் சேர்த்ததாம். நாலு மணிக்குத் துறைமுகத்துல கிரேன் குடுத்திருக்கான், விட்டா அடுத்தது மூணு வாரம். சுத்திப் போனா தொண்ணூறு கிலோமீட்டர். மொட்டைப் பாலம் வழியா விட்டுரலாம்னு பாக்கறேன், ரெண்டு மணிக்கு அங்க இருப்பேன். தரையிலிருந்து படகு மேல் கூரை வரைக்கும் நாலு அம்பத்தாறு. நீங்க எழுதினது நாலு அறுபது."

"ஏன்டா, வேலை வெட்டி இல்லாதவன் எழுதினதாச்சே!"

"பேப்பர்லயும் போட்டிருக்கான்ல மாமா, அதான்."

"போ போ. ரெண்டு விரக்கடை இருக்கு. மெல்லமா போ" என்று சொல்லிப் போனை வைத்தார். அன்று டேப்புக்கு இருந்த உயரத்துக்கு எந்தப் பாலத்துக்குள்ளும் போயிருக்க முடியாது.

மதியம் பன்னிரண்டு மணிக்கு அவர் சிமெண்ட் கிடங்கில் இருந்தார். வண்டி புதுசு, வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கிடங்கின் மேடையும் லாரியின் தளமும் ஒட்டினாற்போல் நிற்கும், நடுவில் இரும்புத் தகட்டைப் போட்டு மூட்டை வண்டியை உருட்டுவார்கள். காலி வண்டி நின்றபோது தளம் மேடையைவிட அரைச் சாண் எடுப்பாக இருந்தது, கூலிக்காரர்கள் முக்கி முக்கி உருட்டினார்கள். நூற்றறுபது மூட்டை ஏறி முடிந்தபோது மூட்டை வண்டி தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே ஓடியது. தளம் மேடைக்குச் சமமாக இறங்கியிருந்தது.

டேப்பு வெற்றுப் பழக்கத்தில் டேப்பை இழுத்து அளந்தார். ஏற்றுவதற்கு முன் ஒன்று நாற்பது. இப்போது ஒன்று முப்பது.

பாரம் ஏறினால் சக்கரத்துக்கு மேலிருக்கும் பட்டை வில் அமுங்கும், வண்டி உட்காரும். லாரிக்காரன் வீட்டுக் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். தெரிந்ததைத்தான் மனுஷன் மறப்பான், தெரியாததை எப்படி மறப்பது?

மொட்டைப் பாலத்தை அளந்த நாள் அவர் கண்முன்னே வந்து நின்றது. கழி மூன்றரை மீட்டர்தான், தரையிலிருந்து எட்டாது. அதனால் லாரித் தளத்தில் ஏறி நின்று, பாலத்து இரும்பின் விளிம்பை ஒட்டிக் கழியை நிமிர்த்தினார். தளத்திலிருந்து பாலத்து இரும்பு வரைக்கும் மூன்று இருபது. அதோடு பழைய வண்டியின் கதவில் பெயிண்டால் எழுதியிருந்த தள உயரம் ஒன்று நாற்பதைக் கூட்டினார். நாலு அறுபது. ஆனால் அந்த ஒன்று நாற்பது காலி வண்டிக் கணக்கு. அன்றைக்கு வண்டி காலியா? கழியை ஊன்ற இடம் தேடி நகர்ந்தபோது கம்பி குத்தி அவருடைய செருப்பு கிழிந்ததே! வண்டி நிறைய இரும்புக் கம்பி. வண்டி பத்து சென்டிமீட்டர் உட்கார்ந்திருந்தது.

நாலு அறுபது இல்லை. நாலு ஐம்பது. வருகிற படகு நாலு ஐம்பத்தாறு.

"ஐயய்யோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் மேடையில் இருந்தவன் கையிலிருந்த மூட்டையைக் கீழே போட்டான்.

மச்சினனுக்குப் போன் அடித்தார். அணைத்திருந்தது. பாரம் இழுக்கும்போது போனை அணைத்துப் பெட்டியில் பூட்டிவிடுவது அவன் பழக்கம். நல்ல பழக்கம்தான், நாசமாய்ப் போக. மகளுக்கு அடித்தார். மூச்சு விடாமல் சொன்னார்.

"நீங்க வண்டியை எடுங்கப்பா, ஓட்டும்போது போனைத் தொடாதீங்க. நான் கன்ட்ரோல் ரூமுக்குப் பேசறேன்" என்றாள். கண் சோதிக்க வந்தவரை நாற்காலியில் ஒற்றைக் கண்ணை மூடியபடியே உட்காரவைத்துவிட்டு அவள் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் பேசின கதையை இன்றைக்கும் அந்தக் கடையில் சொல்கிறார்கள்.

"சார், மொட்டைப் பாலம் நாலரை மீட்டர்தான். ரெண்டு மணிக்கு ஒரு படகு வருது, நிறுத்தணும்."

"ஒரு நிமிஷம்மா... இல்லையே, நாலு அறுபதுன்னு இருக்கே."

"எங்க சார் இருக்கு?"

"நெட்ல."

"அதை எழுதினதே எங்கப்பாதான் சார்!"

"அப்ப அவரே சரியா எழுதியிருப்பாரும்மா" என்று வைத்துவிட்டார்.

அவள் அப்பாவுக்குத் திரும்ப அடித்தபோது, டேப்பு கிடங்கு வாசலைத் தாண்டி ஓரமாக வண்டியை நிறுத்திக் களஞ்சியத்தைத் திறந்திருந்தார். நாலு அறுபதை நாலு ஐம்பது ஆக்கினார். மூன்று நிமிஷம். ஆந்தை இறங்கியது. மறுபடி நாலு அறுபது. 'நாளிதழ்ச் சான்று உள்ளது. மாற்றத்துக்குச் சான்று தருக.'

"அந்த ஆந்தையை நேர்ல பார்த்தேன்னா..."

"அப்பா, கத்தாதீங்க. ஆந்தை சொல்றது சரி. பேப்பர் சொல்லுதுன்னு நிக்குது. பேப்பர் உங்களைப் பார்த்துத்தான் எழுதிச்சுன்னு காட்டணும், அவ்வளவுதான். பக்க வரலாறுன்னு ஒண்ணு இருக்கு. யார், என்னிக்கு, என்ன எழுதினாங்கன்னு எல்லாம் அதுல அழியாம இருக்கும். நீங்க எழுதின தேதி அதுல இருக்கு. பேப்பர் தேதி எனக்குத் தெரியாதே..."

டேப்பு தலையை நிமிர்த்தினார். தலைக்கு மேலே ஆறு வருஷமாக ஒட்டியிருந்தது அது, பழைய வண்டியிலிருந்து பிளேடால் சுரண்டி எடுத்துப் புது வண்டியில் மறுபடி ஒட்டினது. பழுப்பேறின தாளின் மூலையில் தேதி.

தேதியை மகளுக்குப் படித்துச் சொன்னார். நாற்பத்தொன்றில் அச்சில் ஏறினது அந்த ஒன்றுதான். அதைப் பொய் என்று தன் வாயாலேயே ஊரறியச் சொல்ல வேண்டும். அழியாத வரலாற்றில் அதுவும் அழியாமல் நிற்கும். சொல்லாவிட்டால் பதினாறு வருஷக் கூடை பாலத்தில் மோதும். கண்ணாடி, கூரை எல்லாம் மச்சினன் தலைமேல் இறங்கும்.

போனை வாய்க்கருகே கொண்டுபோனார். அவர் பேசினதைப் போன் எழுதியது. களஞ்சியத்தில் எழுதுகிறவர்கள் தங்களுக்குள் வாதாடும் பேச்சுப் பக்கத்தில் அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது:

'மொட்டைப் பாலம் நாலு அறுபதுன்னு முதல்ல எழுதினவன் நான்தான். பாரம் ஏத்தின வண்டியில நின்னு அளந்துட்டு, காலி வண்டிக் கணக்கைக் கூட்டிட்டேன். பத்து சென்டிமீட்டர் தப்பு. நான் எழுதின தேதியை வரலாற்றுல பாரு. பேப்பர் வந்தது எட்டு மாசம் கழிச்சு. பேப்பர்காரன் என்னைப் பார்த்து எழுதினான். நீ அவனைப் பார்த்து எழுதின. நாம மூணு பேர் இல்லை ஆந்தை, ஒரே ஆளு. அந்த ஆளு தப்பு. இன்னிக்கு ரெண்டு மணிக்கு ஒரு படகு அதுக்குள்ள போகுது. சீக்கிரம் பாரு.'

அனுப்பிவிட்டு கியரைப் போட்டார். எட்டு டன் சிமெண்ட் முதுகில் இருக்க அந்த வண்டி அன்று ஓடின ஓட்டத்தைப் பட்டை வில்லைத்தான் கேட்க வேண்டும்.

பாதி வழியில் சிக்னலில் நின்றபோது மகள் போனில் வந்தாள். குரல் கீச்சிட்டது. "அப்பா! ஆந்தை எடுத்துடுச்சு! நாலு அறுபதை எடுத்துடுச்சு!"

"நாலு அம்பது போட்டுதா?"

"இல்லை. இடத்தைக் காலியா விட்டுருக்கு. 'உயரம்: உறுதி செய்யப்படவில்லை. அளந்த பின்னரே நுழையவும்'னு போட்டிருக்கு. உங்களுக்கு ஒரு வரி: 'நாலு ஐம்பதுக்கும் சான்றில்லை ஐயா. நீங்களும் இன்று அளக்கவில்லை, கழித்துத்தான் பார்த்திருக்கிறீர்கள்.'"

டேப்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவி ஆந்தை, மறுபடியும் சரி! தப்பான நம்பரைவிடக் காலி இடம் மேல். காலி இடத்தைப் பார்த்தால் மனுஷன் இறங்கிப் பார்ப்பான்.

ஆனால் அந்தக் காலி இடத்தை யார் பார்ப்பது? மச்சினனின் போன்தான் பெட்டிக்குள் கிடக்கிறதே.

பார்த்தது படகுக்காரம்மா. அந்த அம்மாவே பின்னால் சொன்னது இது. தன் படகைவிட்டு ஒரு நிமிஷம் பிரியமாட்டேன் என்று ட்ரெய்லர் கேபினில் ஏறி உட்கார்ந்திருந்தார். மீன் விற்ற கை. எடையை இரண்டு தரம் பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ளாது. காலையில் போனில் பாலத்தின் உயரத்தைப் பார்த்திருந்தார், பாலம் நெருங்கியதும் இன்னொரு தரம் பார்த்தார்.

"தம்பி, நிறுத்து. நம்பரைக் காணோம்."

"என்ன நம்பர்க்கா?"

"பாலத்து நம்பர். காலையில இருந்துச்சு, இப்ப இல்லை."

"நெட்டு போயிருக்கும்."

"நெட்டு இருக்கு. உயரம்தான் போயிருக்கு. அளந்துட்டுப் போன்னு போட்டிருக்கான்."

"அக்கா, எங்க மாமா அளந்தது. அவர் எப்படிப்பட்ட ஆளா இருந்தாலும் டேப்பு தப்பாது."

"உங்க மாமாவை எனக்குத் தெரியாது. நீ நிறுத்தலைன்னா நான் கதவைத் திறந்து குதிப்பேன்" என்று கைப்பிடியில் கைவைத்துவிட்டார்.

பாலத்துக்கு நாற்பதடி முன்னால் ட்ரெய்லர் நின்றது.

டேப்பு பாலத்துக்கு எதிர்ப்பக்கமிருந்து வந்து லாரியை ஓரங்கட்டியபோது, வெள்ளையும் நீலமுமாகப் பளபளவென்று ஒரு படகு நட்டநடு ரோட்டில் நின்றது. பின்னால் கார், பஸ், வேன், சைக்கிள் என்று கண்ணுக்கெட்டிய வரை வரிசை. மச்சினன் கீழே இறங்கி ஊருக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தான். டேப்பு கழியைத் தூக்கிக்கொண்டு, ஈட்டி எறியப் போகிறவர் மாதிரி ஓடி வந்தார்.

"போகாதே மாப்ளே! போகாதே!"

"நான் எங்க போறேன், நின்னுல்ல இருக்கேன்! என்ன மாமா நடக்குது?"

"நாலு அம்பதுடா! நான்தான் தப்பு!"

அந்தக் குடும்பத்தில் ஒரு ஆண்பிள்ளை வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை என்று மச்சினன் இன்றும் சொல்வான்.

இந்தத் தடவை டேப்பு எந்த வண்டி மேலும் ஏறவில்லை. பக்கத்துக் கடையில் தரை துடைக்கும் கட்டையை வாங்கிக் கழியோடு சேர்த்துக் கட்டினார். தரையில் ஊன்றி, இரும்பைத் தொட்டு, கீழே கிடத்தி டேப்பு வைத்தார். ஒரு முனையைப் படகுக்காரம்மா பிடித்தார், மறு முனையை மச்சினன். மூன்று பேரும் ஒரே குரலில் படித்தார்கள்: நாலு ஐம்பது.

"ஆறு சென்டிமீட்டர்" என்றான் மச்சினன். முகம் வெளுத்துப் போயிருந்தது. "கூரை மொத்தமும் போயிருக்கும்."

"என் கூரையா?" என்றார் அம்மா. "உன் தலைடா தம்பி."

இப்போது மணி இரண்டேகால். நாலுக்குக் கிரேன். திரும்பவும் முடியாது, பின்னால் ஊரே நிற்கிறது. கூட்டத்தில் யோசனைகள் கிளம்பின. "டயர்ல காத்தை இறக்கு!" என்றான் ஒருத்தன். "பதினாறு டயர். இறக்கிட்டு மறுபடி நிரப்ப உன் வாயாலயா ஊதுவ?" என்று சீறினான் மச்சினன். "ஒரு பக்கம் கூட இறங்கினா படகு சாயும்."

டேப்பு ட்ரெய்லரின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பட்டை வில்லையே பார்த்தார். படகு பார்க்கத்தான் பெரிசு, எடை கம்மி. முப்பது டன் இழுக்கிற ட்ரெய்லருக்கு அது கொசு. வில்லெல்லாம் அமுங்காமல் வளைந்து எழும்பி நின்றன.

"மாப்ளே, உன் வண்டி காலி வண்டிடா" என்றார் மெல்ல. பிறகு எழுந்து நின்று கத்தினார். "காலி வண்டி! பாரம் ஏத்தினா உக்காரும்! என்னைக் கவுத்த அதே பத்து சென்டிமீட்டர்! என் வண்டியில எட்டு டன் சிமெண்ட் இருக்கு!"

மச்சினன் ஒரு நொடி அவரைப் பார்த்தான். "மாமா!" என்றான். சட்டையைக் கழற்றினான்.

நூற்றறுபது மூட்டை. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள், காரிலிருந்து இறங்கி வந்தார்கள். டை கட்டின ஒரு ஆள், "ஆபீசுக்கு எப்படியும் லேட்டு" என்று சொல்லி வரிசையில் நின்றார். ஒரு மூட்டைக்கு இரண்டு பேர். லாரியிலிருந்து ட்ரெய்லருக்குச் சங்கிலி. "இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு! முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு!" என்று படகுக்காரம்மா நடுவில் நின்று கூவினார். பதினாறு வருஷம் சந்தையில் கூவின குரல். யாராலும் மீற முடியவில்லை. டேப்பு தளத்துக்கும் தரைக்கும் நடுவே டேப்பைப் பிடித்துப் படுத்தேவிட்டார்.

"ரெண்டு சென்டிமீட்டர் இறங்கிடுச்சு!"

ஓ என்று ஒரு சத்தம்.

"நாலு!"

"அஞ்சரை! இன்னும் ஒண்ணு போதும்! போடுங்கப்பா, போடுங்க!"

கடைசி மூட்டை ஏறியபோது எட்டு. கணக்குப்படி இரண்டு சென்டிமீட்டர் மிச்சம். கணக்கை யார் நம்புவது? டேப்பு படகின் கூரை உயரத்தைத் தரையிலிருந்து மறுபடி அளந்தார், முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம். நாலு நாற்பத்தெட்டு. பிறகுதான் கையை ஆட்டினார்.

ட்ரெய்லர் நகர்ந்தது. ஆமை அதைவிட வேகம். படகின் கூரை பாலத்துக்கு அடியில் நுழைந்தது. டேப்பு படகின் மேல்தட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு, இரும்புக்கும் கூரைக்கும் நடுவில் இரண்டு விரலை நீட்டியபடியே போனார். முதல் உத்திரம். இரண்டாவது. மூன்றாவதில் விரலை உரசியது, "மெல்ல!" என்று கத்தினார். நாலாவது. அப்புறம் வெயில் சட்டென்று முகத்தில் விழுந்தது.

அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எழுந்த கூச்சலில், மேலே ரயில் போனது யாருக்கும் கேட்கவில்லை.

படகுக்காரம்மா அழுதுகொண்டே டேப்பின் சிமெண்ட் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தார். "பாவி மனுஷா, தப்பையும் எழுதி, சரியையும் காட்டிட்டியே!" அது திட்டா பாராட்டா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. மூட்டைகளை மறுபடி லாரிக்கு மாற்றி, படகு துறைமுகம் சேர்ந்தபோது நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

அங்கேயே ஒரு நிருபர் பெண் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, பாலத்தோட உயரம் எவ்வளவு?"

டேப்பு வாயைத் திறந்தார். நாலு ஐம்பது என்று நாக்கு நுனி வரை வந்தது. மூடிக்கொண்டார்.

"என்னைக் கேக்காதம்மா."

"நீங்கதானே அளந்தீங்க?"

"அதனாலதான் சொல்றேன். என்னைக் கேட்டு நீ எழுதுவ, உன்னைப் பார்த்து ஆந்தை எழுதும், மறுபடி நாம மூணு பேரும் ஒரே ஆளாயிடுவோம். பாலத்து இன்ஜினியரைக் கூட்டிட்டு வா. அவர் அளக்கட்டும். நீ பக்கத்துல நின்னு உன் கண்ணால பாரு. அப்புறம் எழுது."

அவளுக்குப் பாதி புரியவில்லை, ஆனால் செய்தாள். மூன்றாம் நாள் இன்ஜினியரம்மா கருவியோடு வந்து அளந்தார். பாலத்துக்குப் புதுப் பலகையும் வந்தது. மொட்டைக்கு முடி முளைத்தது. நாளிதழில் வந்தது, ஆந்தை காலி இடத்தை நிரப்பியது: 4.50, சான்றோடு. டேப்பு தலைக்கு மேலிருந்த பழைய தாளைச் சுரண்டி எடுத்துவிட்டார். புதுச் செய்தியை ஒட்டவில்லை. அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

அவருடைய மற்ற பாலங்கள்? அதுதான் இப்போது அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. களஞ்சியத்தில் இன்னும் நிற்கிற பத்தையும் தரையில் நின்று மறுபடி அளக்கிறார். மகள் கழியின் ஒரு முனை, மச்சினன் மறு முனை. இதுவரை ஏழு அளந்ததில் இரண்டு தப்பு. இரண்டையும் பேச்சுப் பக்கத்தில் தன் பெயரிலேயே ஒத்துக்கொண்டார்.

போன வாரம் மொட்டைப் பாலம் வழியாகப் போனவர், பாலத்துக்கு முன்னால் சடக்கென்று பிரேக் போட்டார். ரோடு கறுப்பாகப் பளபளத்தது. புதுத் தார், இரண்டு நாளைக்கு முன் போட்டிருக்கிறார்கள். இறங்கினார். விளிம்பில் பழைய ரோட்டுக்கும் புதிசுக்கும் நடுவே டேப்பு வைத்தார். நாலு சென்டிமீட்டர் கனம், ரோடு அந்த அளவு எழும்பியிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். புதுப் பலகை கம்பீரமாகச் சொன்னது: 4.50.

பின்னாலிருந்து பத்து ஹாரன்கள் அலறின. டேப்பு காதில் வாங்கவில்லை. பாலத்து ஓரமாக நின்று, முகமெல்லாம் வெளிச்சமாகப் போனை வாய்க்கருகே கொண்டுபோனார்.

"ஆந்தையாரே, எந்திரிங்க. வேலை வந்திருக்கு. நம்பரை எடுங்க, இன்ஜினியரம்மாவை நான் கூப்பிடுறேன். இந்தத் தடவை உயரத்துக்குப் பக்கத்துல அளந்த தேதியையும் சேர்த்துப் போடுங்க, முற்றுப்புள்ளி."

மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. பதில் வந்தது.

'சொல்லுங்கள், டேப்பு.'

அந்த ஆறு வருஷத்தில் ஆந்தை அவரை 'ஐயா' போடாமல் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.